சிஎஃப்வி 100சி பேக்குக்கு எடை குறைந்த டெக்னிக்கல் கேமரா: எதை எடுப்பது?

கேள்வி | ஜனவரி 4, 2025

ஹாசல்பிளாட் 907எக்ஸ் கேமராவும் அதன் பின்னால் மாட்டும் சிஎஃப்வி 100சி டிஜிட்டல் பேக்கும் (சென்சாரும் திரையும் உள்ள பெட்டி) கையில் இருக்கின்றன. நான் எடுப்பது பெரும்பாலும் கோபுரங்கள், மலைக்கோட்டைகள். கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் நேராக்கினால் மேல் நிலைகள் இழுபட்டுக் கூர்மை போகிறது. ரைஸ் (கேமரா மட்டமாக இருக்க, சென்சாருக்கு எதிரே லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவது) உள்ள டெக்னிக்கல் கேமரா ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். முதுகுப்பையில் அடங்க வேண்டும், நானே சுமந்து ஏறுவேன். ஆல்பா, கேம்போ, ஆர்கா ஸ்விஸ் மூன்றில் எது எடை குறைவு?

ஜனவரி 4, இரவு

பாடியை மட்டும் தராசில் வைத்துக் கேட்டால் ஆல்பா 12 டிசி என்று உடனே சொல்லிவிடலாம். உள்ளங்கையில் அடங்கும் சட்டம் அது. ஆனால் ரைஸும் கிடையாது, ஷிஃப்டும் (பக்கவாட்டு நகர்வு) கிடையாது. நீங்கள் கேட்கும் வேலைக்கு அது உதவாது.

பாடியைக் கடைசியில் பாருங்கள். முதலில் லென்ஸ், அடுத்து அந்த லென்ஸ் உங்கள் பேக்கோடு எப்படி ஒத்துப்போகிறது என்பது, அதற்கப்புறம்தான் பாடி. பையில் எடை ஏறுவது லென்ஸிலும், ட்ரைபாட் தலையிலும், அடாப்டர் தட்டு (பேக்கைப் பாடியோடு இணைப்பது), ஒயர், சென்டர் ஃபில்டர் (ஓர இருட்டைச் சமன்செய்யும் கண்ணாடி) என்று பக்கப் பைகளில் சேரும் சில்லறைகளிலும்தான். பாடியில் 200 கிராம் மிச்சம் பிடித்துவிட்டு லென்ஸில் அரைக் கிலோ கூட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாளை கணக்கோடு எழுதுகிறேன்.

ஜனவரி 5

உங்கள் சென்சார் 43.8 × 32.9 மி.மீ. மூலைக்கு மூலை கிட்டத்தட்ட 55 மி.மீ. லென்ஸ் விழுத்தும் ஒளிவட்டம், அதாவது இமேஜ் சர்க்கிள், இதைவிட எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் உங்களுக்கு நகர இடம். பாடியில் 25 மி.மீ. ரைஸ் இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் லென்ஸ் இடம் கொடுக்காவிட்டால் அதனால் பயனில்லை.

படுக்கை வாட்டத்தில் பேக் இருக்கும்போது கணக்கு இப்படி வரும். 90 மி.மீ. சர்க்கிள் உள்ள லென்ஸில் ஏறத்தாழ 23 மி.மீ. ரைஸ் கிடைக்கும். ரோடன்ஸ்டாக் 32 மி.மீ., 40 மி.மீ. டிஜரான்-டபிள்யூ, ஷ்னைடர் 35 எக்ஸ்எல் எல்லாம் இந்த வகை. 70 மி.மீ. சர்க்கிள் என்றால் 11 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ரோடன்ஸ்டாக் 23 மி.மீ., 28 மி.மீ. டிஜரான்-எஸ் இங்கே வரும். 60 மி.மீ. சர்க்கிள் உள்ள ஷ்னைடர் 24 எக்ஸ்எல்லில் வெறும் 4 மி.மீ. கோபுரத்துக்கு அது போதாது.

இதையே ஃபேஸ் ஒன் ஐக்யூ4 150 மெகாபிக்சல் பேக்குக்குப் போட்டுப் பாருங்கள். 53.4 × 40 மி.மீ. சென்சாரில் 90 மி.மீ. லென்ஸ் 16 மி.மீ. தரும், 70 மி.மீ. லென்ஸ் மூன்று மி.மீ.கூடத் தராது. பெரிய பேக் வைத்திருப்பவர்கள் பெரிய சர்க்கிளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது, அதனால் பெரிய லென்ஸைச் சுமக்கிறார்கள். எடை பற்றிக் கேட்டால் உங்கள் சின்ன சென்சார் உங்களுக்கு அனுகூலம்.

ஓர் உதாரணம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, சுமார் 72 மீட்டர். 1987-இல் கட்டி முடித்த பதின்மூன்று நிலை. பேக்கை நிமிர்த்தி மாட்டி, 35 மி.மீ. லென்ஸோடு, ரைஸ் இல்லாமல் கேமராவை மட்டமாக வைத்தால் உச்சிக் கலசம் படத்துக்குள் வர 113 மீட்டர் பின்னால் போக வேண்டும். அப்போதும் படத்தின் கீழ்ப்பாதி முழுக்க ரோடு. 15 மி.மீ. ரைஸ் கொடுத்தால் 67 மீட்டரில் நிற்கலாம். கோபுரத்துக்கு எதிரே கடைகளும் வண்டிகளும் நெருக்கும் தெருவில் இந்த 46 மீட்டர்தான் படம் அமைவதையும் அமையாததையும் முடிவு செய்கிறது.

ஜனவரி 5, பிறகு

மேலே விட்டுப்போனது: 35 எக்ஸ்எல்லின் சர்க்கிள் 90 மி.மீ. என்றாலும் ஓரம்வரை ஒரே கூர்மை இருக்காது, வெளிச்சமும் ஓரத்தில் நன்றாகக் குறையும். நான் 15-க்கு மேல் போவதைத் தவிர்க்கிறேன். கணக்கில் வரும் எண்ணை உச்ச வரம்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 8

சேலத்து நண்பர் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டது: ரோடன்ஸ்டாக்கா, ஷ்னைடரா?

ஷ்னைடர் டிஜிட்டார் அகலக்கோண லென்ஸ்கள் முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. கண்ணாடி குறைவு, சின்னது, எடை குறைவு, நேர்கோடு நேர்கோடாகவே வரும். ஆனால் பின் கண்ணாடி சென்சாரை ஒட்டி நிற்கிறது. ஓரத்தில் ஒளி மிகச் சாய்ந்து வந்து விழுகிறது. பழைய சென்சார்களில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மேலே ஒயரிங் இருக்கும். சாய்ந்து வரும் ஒளி அதில் தட்டுப்பட்டுப் பக்கத்துப் பிக்சலுக்குக் கசியும். ரைஸ் கொடுத்தவுடன் வானத்தின் ஒரு பக்கம் ரோஜா நிறமும் மறுபக்கம் பச்சையும் ஏறும்.

ரோடன்ஸ்டாக் இதைத் தவிர்க்க, பின் கண்ணாடி சென்சாரிலிருந்து தள்ளி நிற்கும் ரெட்ரோஃபோகஸ் முறைக்குப் போனது. ஒளி நேராக விழும், மூலைவரை கூர்மை அபாரம். பதிலுக்குக் கண்ணாடி கூடி எடையும் பருமனும் கூடின. 32 மி.மீ. டிஜரானைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும், பாடியை முன்பக்கம் இழுக்கிறது.

100சி-யில் இருப்பது பிஎஸ்ஐ சென்சார், ஒயரிங் பின்னால் போய்விட்டது. அதனால் ஓரம்கட்டி வைத்திருந்த ஷ்னைடர்கள் மறுபடி வேலைக்கு வந்துவிட்டன. முந்தைய சிஎஃப்வி II 50சி-யில் 35 எக்ஸ்எல்லை 12 மி.மீ. நகர்த்தினால் நான் பட்ட பாடு இப்போது இல்லை. எடை குறைந்த டெக்னிக்கல் கேமரா என்ற பேச்சையே சாத்தியமாக்கியது இந்தச் சென்சார் மாற்றம்தான். எந்த பாடிக்காரரும் செய்த புதுமையால் இது வரவில்லை.

ஷ்னைடர் இந்த லென்ஸ்களை இப்போது செய்வதில்லை, பழையதுதான் வாங்க வேண்டும். அவற்றில் இருக்கும் கோபால் ஷட்டரும் தயாரிப்பு நின்றுபோனது. வாங்கும்போது ஒரு நொடி வேகத்தில் வைத்து அடித்துக் காதில் கேளுங்கள். உள்ளே சின்னப் பல்சக்கரம் சர்ர்ர் என்று ஒரே சீராக ஓட வேண்டும். நடுவில் திணறினாலோ கடைசியில் இழுத்தாலோ சர்வீஸ் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஜனவரி 9

ஒருவர் எழுதியிருக்கிறார்: "இதெல்லாம் வீண் சுமை. ஃபூஜி ஜிஎஃப்எக்ஸும் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸும் எடுத்தால் எடையும் குறைவு, வேலையும் சுலபம்."

வேலை சுலபம் என்பது சரி. எடை குறைவு என்பது சரியில்லை. ஜிஎஃப் 30 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் மட்டும் 1,340 கிராம். ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் II 883 கிராம். கூட்டினால் இரண்டே கால் கிலோவுக்கு அருகில். ஷிஃப்ட் உள்ள ஆல்பா 12 எஸ்டிசி, 35 எக்ஸ்எல், 100சி பேக், அடாப்டர் தட்டு எல்லாம் சேர்த்து இரண்டு கிலோவுக்குள் நிற்கிறது. ஆனாலும் அந்த ஃபூஜி லென்ஸ் 15 மி.மீ. ஷிஃப்டும் 8.5 டிகிரி டில்ட்டும் (லென்ஸைச் சாய்ப்பது) தருகிறது, கண்ணை வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டர் இருக்கிறது, எல்சிசி (ஓர இருட்டையும் நிறத்தையும் திருத்த எடுக்கும் கூடுதல் படம்) எடுக்கும் வேலை கிடையாது. கல்யாண வேலையும் அதே கேமராவில் பார்க்க வேண்டியவர் என்றால் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

இன்னொரு வழி யாரும் சொல்லவில்லை. கேனன் டிஎஸ்-இ 24 மி.மீ. இரண்டாம் பதிப்பு, 780 கிராம், சர்க்கிள் 67.2 மி.மீ. அடாப்டர் வழியாக உங்கள் 907எக்ஸிலேயே மாட்டலாம். 907எக்ஸும் பேக்கும் சேர்ந்து 620 கிராம்தான். ஆக 1,400 கிராமும் அடாப்டரும். படுக்கை வாட்டத்தில் 9 மி.மீ., நிமிர்ந்த வாட்டத்தில் 7 மி.மீ. ரைஸ் வரும். அபெர்ச்சரை மாற்றித் தரக்கூடிய அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். ரைஸ் உங்களுக்குப் பிடிபடுகிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது. லென்ஸ் வாடகைக்கும் கிடைக்கும்.

ஜனவரி 12

கேனன் லென்ஸுக்குள் ஷட்டர் கிடையாது, 907எக்ஸிலும் கிடையாது. ஆகவே கேனன் வழியில் போனால் பேக்கின் எலக்ட்ரானிக் ஷட்டர் மட்டும்தான். அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

100சி சென்சார் படத்தை மேலிருந்து கீழ்வரை வரிவரியாகப் படிக்கிறது, மெதுவாகத்தான் படிக்கிறது. நீங்கள் 1/500 என்று வைத்தாலும் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவே நிஜ நேரம் ஓடிவிடுகிறது. கல் நகராது, சரி. ஆனால் ராஜகோபுரத்தின் அடியில் போகும் ஆட்டோ இணைகரமாகச் சாய்ந்திருக்கும். நடக்கிறவரின் தலை ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் இருக்கும். காற்றடித்தால் தென்னை ஓலை ரப்பர் மாதிரி நெளியும். ஆளரவமற்ற மலைக்கோட்டைக்கு எலக்ட்ரானிக் ஷட்டர் போதும். தெருவோடு சேர்த்துக் கோபுரம் எடுக்கிறவருக்கு லீஃப் ஷட்டர் (லென்ஸுக்குள்ளேயே திறந்து மூடுவது, கோபால் இந்த வகை) வேண்டும். கோபாலில் 1/60 வைத்தாலே தெருவில் நடப்பவர்கள் ஒழுங்காக நிற்பார்கள். லென்ஸிலிருந்து பேக்குக்கு சின்க் ஒயர் போட வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒயர் ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும். அதன் முனைதான் முதலில் தளரும்.

ஃபேஸ் ஒன் 2019-இல் எக்ஸ்டி கொண்டுவந்தபோது ஒயரே இல்லாமல் செய்தது. எக்ஸ்-ஷட்டர், இரண்டு திசையிலும் 12 மி.மீ., பேக்கைக் கழற்றாமல் பாடியையே சுழற்றி நிமிர்ந்த வாட்டத்துக்குப் போகலாம். அழகான பொருள். ஐக்யூ பேக்கோடு சேர்த்துத்தான் அதற்கு அர்த்தம், உங்கள் பேக்குக்கு அது இல்லை.

ஜனவரி 13

பாடிக்கு வருகிறேன்.

ஆல்பா 12 எஸ்டிசி: நகர்வு ஒரே அச்சில், இருபக்கமும் 18 மி.மீ. ரைஸ் வேண்டுமென்றால் பாடியையே பக்கவாட்டில் திருப்பி ட்ரைபாடில் மாட்ட வேண்டும். ரைஸும் ஷிஃப்டும் ஒரே நேரத்தில் கிடையாது. கோபுரத்துக்கு நேர் எதிரே நிற்க முடிந்தால் இது குறையே இல்லை. நேர் எதிரே மின்கம்பம் நின்று, ஓரடி தள்ளிப் போய் ஷிஃப்டில் சரிக்கட்ட வேண்டுமென்றால் குறைதான்.

கேம்போ டபிள்யூஆர்எஸ் வரிசை: இரண்டு அச்சிலும் நகரும், பல்சக்கரத்தில் ஓடும், கையுறை போட்டுக்கொண்டும் திருப்பலாம். டில்ட் வேண்டுமென்றால் லென்ஸ் தட்டிலேயே வைத்துத் தருகிறார்கள். லென்ஸுக்கு லென்ஸ் அந்தச் செலவும் எடையும் சேரும்.

ஆர்கா ஸ்விஸ் ஆர்எம்3டிஐ: டில்ட் பாடிக்குள்ளேயே, ஃபோகஸ் திருகும் பாடிக்குள்ளேயே. அதனால் லென்ஸ்கள் இளைத்துவிடுகின்றன, பாடி பருக்கிறது. மூன்று லென்ஸ் வைத்திருப்பவருக்கு மொத்தக் கணக்கில் ஆர்காதான் லாபம். ஒரே லென்ஸ்காரருக்கு அந்த பாடியின் எடை வீண். டில்ட் வேண்டாதவர்களுக்கு ஆர்எம்2டி இருக்கிறது.

லின்ஹாஃப் டெக்னோ போன்ற பெல்லோஸ் கேமராக்களைச் சொல்லாமல் விடுகிறேன். ஸ்டுடியோவுக்கும் காருக்கும் அவை அருமை. செஞ்சியில் ராஜகிரிப் படிகளில் ஏறுகிறவர் கேட்கும் கேள்விக்கு அவை பதில் இல்லை.

உங்களுக்கு ஒரே லென்ஸ், ஒரே மாதிரி வேலை. என் தேர்வு எஸ்டிசியும் 35 எக்ஸ்எல்லும்.

ஜனவரி 19

"டில்ட் இல்லாமல் எப்படி?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கோபுர முகப்புக்கு டில்ட் தேவையில்லை. முகப்பும் சென்சாரும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றன. டில்ட் கொடுத்தால் உச்சி மங்கும். தரையோடு ஓடும் காட்சிக்குத்தான் அது வேண்டும்: முன்னால் கிடக்கும் பாறைத்தளம் தொடங்கித் தொலைவுவரை எல்லாம் கூர்மையாக வேண்டும் என்கிறபோது.

அங்கேயும் எவ்வளவு டில்ட் என்று பாருங்கள். குவியத்தொலைவைக் கேமரா உயரத்தால் வகுத்தால் வருவது அந்தக் கோணத்தின் சைன். 35 மி.மீ. லென்ஸ், ஒன்றரை மீட்டர் உயரம்: 1.3 டிகிரி. 70 மி.மீ. என்றால் 2.7. ஐந்து டிகிரிக்கு மேல் தருகிற கருவியைச் சுமக்கக் காரணமே இல்லை. கால் டிகிரி வித்தியாசம் படத்தில் தெரியும், ஆகவே எவ்வளவு நுணுக்கமாக அளவு வைக்க முடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டில்ட் இல்லாவிட்டால்? இரண்டு பிக்சல் அகலத்தைக் கூர்மையின் எல்லையாக வைத்தால், 35 மி.மீ. எஃப் 8-இல் 20 மீட்டரில் ஃபோகஸ் வைக்கும்போது 10 மீட்டரிலிருந்து தொலைவுவரை நிற்கும். எஃப் 11-இல் 15 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 7 மீட்டருக்குச் சற்று மேலிருந்து. அதற்குமேல் மூடினால் விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன்) 3.76 மைக்ரான் பிக்சல்களை மழுக்க ஆரம்பிக்கும், நான் போவதில்லை. காலடிப் பாறையும் வேண்டுமென்றால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி இரண்டு மூன்று படம் எடுத்துச் சேர்த்துவிடலாம். பாறை அசையாது.

ஜனவரி 20

நேற்று எழுதியதை யோசித்துக்கொண்டே இருந்தேன். பாறை அசையாது, சரி. பாறை இடுக்கில் நிற்கும் புல் அசைகிறது. செஞ்சி உச்சியில் காற்று நிற்பதே அபூர்வம். அங்கே படங்களைச் சேர்த்தால் ஒவ்வொரு தாளும் இரட்டையாகத் தெரிகிறது, உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியிருக்கிறது. புல்வெளி, தினைக்கொல்லை, நீர்க்கரை என்று எடுக்கிறவர் டில்ட்டோடு வாங்குவதே நல்லது.

ஆல்பாவில் இதற்கு ஒரு கண்ணி இருக்கிறது. டில்ட் அடாப்டர் 17 மி.மீ. தடிமன். அதை நடுவில் செருக வேண்டுமென்றால் லென்ஸ் எஸ்பி17 என்ற குட்டைக் குழாயில் இருக்க வேண்டும். சாதாரணக் குழாயில் வாங்கிவிட்டு அப்புறம் அடாப்டரைச் செருகினால் தொலைவில் ஃபோகஸே கிடைக்காது. குட்டைக் குழாய் லென்ஸை டில்ட் இல்லாமலும் பயன்படுத்தலாம், நடுவில் 17 மி.மீ. வளையம் ஒன்று போட்டால் போதும். ஆகவே இன்றைக்கு டில்ட் வேண்டாம் என்று நினைத்தாலும் எஸ்பி17-ஐயே தேடுங்கள்.

ஜனவரி 26

ட்ரைபாட். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் விரிக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், செஞ்சி எல்லாமே அதில் அடக்கம். அனுமதியில்லாத நாளில் டெக்னிக்கல் கேமராவைக் கையில் பிடித்து எடுக்கலாம்; மட்டம் பிடிப்பதுதான் சிரமம். சற்று அண்ணாந்தாலே கோபுரம் மறுபடி சாயத் தொடங்கும். பாடியின் குமிழி மட்டத்தைக் கண்ணுக்கு நேரே வரும்படி திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். பேக்கின் திரை 40 டிகிரிக்கும் 90 டிகிரிக்கும் மடங்குகிறது. மார்போடு அணைத்துப் பிடித்து மேலிருந்து பார்த்தால் ஓரளவு நிலையாக நிற்கிறது.

அனுமதியோடு போகும்போது பல்சக்கரத் தலைகளின் ஆசையை விடுங்கள். ஆர்கா கியூப் ஒன்றே கிட்டத்தட்ட ஒரு கிலோ. லெவலிங் பேஸ் ஒன்று போதும். கேமராவை மட்டமாக்கியபின் மற்றதெல்லாம் ரைஸில்தானே நடக்கப்போகிறது.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் எஸ்டிசி ஒன்றைப் பழையதாகப் பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார். அடாப்டர் தட்டு வேறொருவரிடமிருந்தாம். இங்கே எச்சரிக்கை.

எஃப் 8-இல் ஃபோகஸ் கெடாமல் சென்சார் தளம் முன்னும் பின்னும் விலக இருக்கும் மொத்த இடம் 0.12 மி.மீ. அளவுதான், பக்கத்துக்குப் பாதி. தட்டு 0.05 மி.மீ. தடிமன் மாறினாலே அந்தப் பாதியில் பெரும்பங்கு காலி. நான் இப்படித் தனியாக வாங்கிய ஒரு தட்டில் வளையம் முடிவிலிக் குறியில் நின்றபோது முன்கோபுரம் கத்திபோல் இருந்தது, அடிவானத்து மலை மட்டும் மங்கல். விற்றவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆல்பாவில் 0.01 மி.மீ. கணக்கில் ஷிம் தகடுகள் வைத்துச் சரிசெய்யலாம்.

சோதிக்கும் விதம்: பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலையையோ செல்போன் டவரையோ லைவ் வ்யூவில் முழுக்கப் பெரிதாக்கி, லென்ஸை முழுசாகத் திறந்து, கண்ணால் ஃபோகஸ் செய்யுங்கள். வளையம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முடிவிலிக் குறிக்கு முன்னாலேயே நின்றால் ஷிம்மில் தீரும், அந்த இடத்தில் பென்சில் குறி போட்டும் ஓட்டலாம். குறியைத் தொட்டும் மலை கூர்மையாகாவிட்டால் அந்தத் தட்டை வாங்காதீர்கள்.

பிப்ரவரி 3

எல்சிசி பற்றி: பால்நிற அக்ரிலிக் தட்டை லென்ஸுக்கு முன்னால் ஒட்டிப் பிடித்து, அதே ரைஸ், அதே அபெர்ச்சரில் இன்னொரு படம். பிஎஸ்ஐ சென்சாரில் நிறம் பெரிதாக ஓடாவிட்டாலும் ஓர இருட்டைச் சமன்செய்யவும் தூசிப் புள்ளிகளை நீக்கவும் நான் இன்னும் எடுக்கிறேன். இதை எழுதும்போது கேப்சர் ஒன் மென்பொருள் ஹாசல்பிளாட் கோப்புகளைத் திறப்பதில்லை. ஹாசல்பிளாட்டின் சொந்த ஃபோக்கஸ் (Phocus) மென்பொருளில் சீன் கேலிப்ரேஷன் இருக்கிறது, லைட்ரூம் கிளாசிக்கில் ஃப்ளாட்-ஃபீல்ட் திருத்தம் இருக்கிறது. கோபுரப் படத்துக்கு அடுத்த படமே அதன் எல்சிசி என்ற வரிசையை எப்போதும் மாற்றாதீர்கள். மாற்றினால் வீட்டில் எது எதற்கு என்று தேடிச் சாக வேண்டும்.

பிப்ரவரி 9

பேக்கை நிமிர்ந்த வாட்டத்துக்குக் கழற்றித் திருப்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். காற்றில்லாத இடத்தில், லென்ஸ் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்துச் செய்யுங்கள். முடிந்தால் வீட்டிலேயே அன்றைய வாட்டத்தைத் தீர்மானித்து மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். கோபுரம் என்றால் நிமிர்த்தி, கோட்டை என்றால் படுக்கையில். எஸ்டிசியை வாங்கும் முன் விற்பவரிடம் ஷிஃப்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓட்டி வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் நிற்கும் பூட்டு தானாக நழுவாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.